மீன்தொட்டியில் பாசி ஏன் பிடிக்கிறது, எப்படிக் குறைப்பது

செங்கோட்டைக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் தண்ணீர் தெளிவாக ஓடும். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். அதே தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, வயல்களைக் கடந்து, ஊர்க் குளத்தில் சேர்ந்து, சித்திரை வெயிலில் தேங்கிக் கிடந்தால் பச்சையாகிவிடுகிறது. மேலே மர நிழல் இருக்கிறது, தண்ணீரில் உரச்சத்தும் மிகக் குறைவு. கீழே வெயில் நேராக விழுகிறது. வயலில் போட்ட யூரியா, டிஏபி, மாட்டுச் சாணம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்து சேர்கின்றன. வெளிச்சமும் சத்தும் ஓர் இடத்தில் கூடினால் பாசி வரும். வீட்டுக்குள் வைத்திருக்கும் மீன்தொட்டிக்கும் இதே கணக்குதான்.

தென்காசி, செங்கோட்டை, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் வரைக்கும் இப்போது நிறைய வீடுகளில் தொட்டி இருக்கிறது. கப்பி, மோலி, ஏஞ்சல், டெட்ரா, பைட்டர் என்று 24 முதல் 28 டிகிரி வெப்பத்தில் நன்றாக வாழும் வெப்பமண்டல மீன்களைத்தான் பெரும்பாலும் வளர்க்கிறோம். வாங்கி இரண்டு மாதத்துக்குள் கண்ணாடியில் பச்சை படிகிறது. உடனே "என்ன மருந்து ஊற்றலாம்?" என்ற கேள்வி வருகிறது. பாசி எதைச் சாப்பிட்டு வளர்கிறது என்று முதலில் பார்த்தால், அநேகமாக மருந்துக்கு வேலையே இருக்காது.

பாசியை அடியோடு ஒழிக்க முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் வரும், செடியோடு வரும், மீன் வாங்கிய பையில் இருக்கும் தண்ணீரிலும் வரும். கல்லிலும் பின்பக்கக் கண்ணாடியிலும் மெல்லியதாக ஒரு பச்சைப் படலம் இருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. மோலி அதை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருக்கும். இறால் குஞ்சுகள் அதை மேய்ந்துதான் வளரும். பாசியைக் கட்டுக்குள் வைத்தால் போதும்.

வெளிச்சம்

முதலில் கை வைக்க வேண்டியது வெளிச்சத்தில். இதற்குச் செலவும் இல்லை, மீனுக்கு ஆபத்தும் இல்லை.

வீட்டுக்குள் சாதாரணமாக 200, 300 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அதனால் ஜன்னல் வழியாகத் தினம் ஒரு மணி நேரம் நேர் வெயில் தொட்டிமேல் விழுந்தாலே, மற்ற எல்லா முயற்சியும் வீணாகிவிடும். தொட்டி வைக்கும் இடத்தைக் காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். முற்றம் உள்ள பழைய வீடுகளில் வெயில் எந்த நேரம் எந்தச் சுவருக்கு வரும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நம் பக்கம் ஏறக்குறைய 9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆனி மாதம் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும். அப்போது தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே இருக்காது. மார்கழியிலும் தையிலும் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். மார்கழியில் நண்பகலில்கூட 57, 58 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னல் வழியாக வெயில் தரைவரை உள்ளே நீளும். சாரல் காலத்தில் சுத்தமாக இருந்த தொட்டி தை பிறந்ததும் பச்சையாகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஜன்னல் பக்கம் இருக்கும் கண்ணாடியில் வெளியிலிருந்து ஒரு கறுப்புத் தாள் ஒட்டிவிடுங்கள், போதும்.

அடுத்து, தொட்டி விளக்கு. ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். செடி இல்லாத தொட்டி என்றால் நீங்கள் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் போட்டால் போதும். மீனுக்கு விளக்கு வேண்டியதில்லை. பல வீடுகளில் தொட்டி விளக்குதான் இரவு விளக்காக எரிகிறது. பாசிக்கு அதைவிட வசதி வேறு கிடையாது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து மீனைப் பார்ப்பதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் மதியம் 3 மணிக்குப் போட்டு 10 மணிக்கு அணையுங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் டைமர் ஒன்றை மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

தீனி

வெளிச்சத்துக்கு அடுத்தபடியாகப் பாசிக்கு வேண்டியது நைட்ரஜனும் பாஸ்பரஸும். இரண்டும் தொட்டிக்குள் வருவது பெரும்பாலும் மீன் தீனி டப்பாவிலிருந்துதான். மீன் தின்று கழிக்கிறது, தின்னாதது அடியில் அழுகுகிறது. இரண்டிலிருந்தும் அம்மோனியா வருகிறது. பில்டரிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் அது தானாக எங்கும் போகாது. செடி எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது நாம் தண்ணீரோடு வெளியே எடுக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் பாசி எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு சேருகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் மனதில் நிற்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போக 50 லிட்டர் என்று வையுங்கள். தினம் 1 கிராம் தீனி போடுகிறீர்கள். தீனியில் 40 சதவீதம் புரதம் என்றால், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், ஒரு கிராமில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. வாரத்துக்கு ஏறக்குறைய 450. அதில் மூன்றில் ஒரு பங்கு மீனின் உடம்பில் சேர்ந்து, மீதி 300 மில்லிகிராம் தண்ணீருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். நைட்ரேட்டாக மாறும்போது எடை 4.4 மடங்காகும், அதாவது 1,300 மில்லிகிராமுக்கு மேல். 50 லிட்டரில் அதைப் பரப்பினால் லிட்டருக்கு 26 மில்லிகிராம். ஒரே வாரத்தில்!

இப்போது வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் ஓடினால் நைட்ரேட் எங்கே போய் நிற்கும்? வாரம் சேர்வதை, மாற்றும் பங்கால் வகுத்தால் விடை வரும்: 26ஐக் காலால் வகுத்தால் 104. செடி இல்லாத தொட்டியில் தண்ணீர் மாற்றும் நாளுக்கு முன்பு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கும். 20க்குள் இருந்தால் நல்லது, 40ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் மீன் வளர்ப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு. தவறாமல் தண்ணீர் மாற்றியும் பாசி குறையவில்லை என்று சொல்கிறவர்களின் தொட்டியில் நடப்பது இதுதான். தீனியைப் பாதியாக்கி, மாற்றும் தண்ணீரைக் கால் பங்கிலிருந்து அரைப் பங்காகக் கூட்டினால் அதே தொட்டி 26இல் வந்து நிற்கும். தீனியைக் குறைப்பதுதான் இரண்டில் சுலபமானது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு ஒரு வேளை அல்லது இரண்டு வேளை. வாரம் ஒரு நாள் பட்டினி. வளர்ந்த மீனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அன்றைய தீனியைக் காலையிலேயே ஒரு சின்ன மூடியில் எடுத்து வைத்துவிட்டு டப்பாவை உயரத்தில் வைத்துவிடுங்கள். ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போடுவது நிற்கும்.

தண்ணீர் மாற்றும்போது மணல்மேல் ட்யூபைப் பிடித்து அடியில் கிடக்கும் கழிவையும் சேர்த்து உறிஞ்சி எடுங்கள். பில்டர் பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரினில் பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறும்.

ஊற்றும் தண்ணீர்

மலையடிவார ஓடைத் தண்ணீரில் உப்பும் சத்தும் குறைவு. ஆனால் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. வயலை ஒட்டிய கிணறு, போர் தண்ணீரில் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீரிலேயே பாசிக்குத் தாராளமாகச் சாப்பாடு இருக்கலாம் என்று அர்த்தம். மீன் கடையில் கிடைக்கும் சோதனைக் குச்சியை முதலில் தொட்டித் தண்ணீரில் நனைக்காமல், கிணற்றுத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். அங்கேயே நிறம் ஏறினால், எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீரோ, மாடியில் பிடித்த சாரல் மழைத் தண்ணீரோ கலந்து ஊற்றுங்கள். கூரையைக் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். முழுக்க மழைத் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம். தாது உப்பு இல்லாத தண்ணீரில் அமிலத்தன்மை சட்டென்று மாறிவிடும்.

செடி

வேகமாக வளரும் செடி பாசிக்குப் போட்டி. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, ஹார்ன்வொர்ட் மூன்றும் தனியாக உரம் எதுவும் கேட்காமல் வளரும். குளத்திலிருந்து எடுத்துவந்தால் நன்றாக அலசி, இரண்டு நாள் தனி வாளியில் போட்டுப் பார்த்த பிறகு சேர்க்கவும். தும்பிக் குஞ்சு உள்ளே வந்தால் கப்பிக் குஞ்சுகளைப் பிடித்துத் தின்றுவிடும். எதுவும் வளரவில்லை என்பவர்கள் மணி பிளான்ட் கொடி ஒன்றின் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொட்டி விளிம்பில் தொங்கவிடலாம். இலை வெளியில் காற்றில் இருப்பதால் அது வேகமாக வளர்ந்து நைட்ரேட்டை இழுக்கும்.

மாடு வளர்ப்பவர் வீட்டில் தீவனத்துக்கு அசோலா இருக்கும். அதில் ஒரு கைப்பிடியைத் தொட்டியில் போடுகிறவர்கள் உண்டு. நிழல் தரும், பாஸ்பரஸை எடுக்கும், அந்த வகையில் நல்லதுதான். ஆனால் அசோலாவின் இலைக்குள் ஒரு நீலப்பச்சை நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக் கொடுக்கிறது. அதனால் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டை அது அவ்வளவாகத் தொடாது. நைட்ரேட் இறங்க வேண்டும் என்றால் சிறு இலையாக மிதக்கும் டக்வீட்தான் நல்லது.

எந்தப் பாசி என்று பாருங்கள்

புதுத் தொட்டியில் முதல் ஒன்றிரண்டு மாதம் வரும் பழுப்புத் தூசிக்குக் கவலையே வேண்டாம். அது டயாட்டம், விரலால் தொட்டாலே போய்விடும், தொட்டி பழகியதும் தானாகக் குறையும். கண்ணாடியில் அழுத்தமாக ஒட்டியிருக்கும் பச்சைப் புள்ளிகள் விளக்கு அதிகம் என்று சொல்கின்றன. பழைய பிளேடால் சுரண்டுங்கள். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு கோடு போடும், அதற்குப் பழைய ஏடிஎம் அட்டை நல்லது. நூல் நூலாகப் பச்சையாக நீள்வதைப் பல்துலக்கும் பிரஷில் சுற்றி இழுத்தால் கற்றையாக வரும். எடுத்த பிறகு விளக்கு நேரத்தில் இரண்டு மணி நேரம் குறையுங்கள்.

செடி இலையின் ஓரத்திலும் பில்டர் வாயிலும் கறுப்பாக, தாடி மயிர் போலக் குத்துக் குத்தாக வருவது தொல்லை பிடித்தது. சுரண்டினால் வராது, பெரும்பாலான மீன்கள் தொடாது. கறுப்பாகத் தெரிந்தாலும் இது செம்பாசி இனம். ஒரு குத்தைப் பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டுவைத்தால் பச்சை நிறமி கரைந்து போய், உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே தெரியும். பிடித்த இலைகளை வெட்டி எறிவதே சிறந்தது. கல், கட்டை என்றால் வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி ஐந்து நிமிடம் வைத்து, அலசிவிட்டுத் திரும்ப வைக்கலாம்; இரண்டு மூன்று நாளில் அது வெளிறிப்போகும், அப்போது மீனும் தின்னும். மருந்துக் கடையில் 20 வால்யூம் என்று விற்பது 6 சதவீதம். அதே அளவு தண்ணீர் கலந்தால்தான் 3 சதவீதமாகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மணல்மேல் வழவழவென்று நீலப்பச்சைப் போர்வையாக விரிந்து, தூக்கினால் தோல் மாதிரி உரிந்து வந்து, கெட்ட வாடை அடித்தால் அது பாசியே இல்லை. சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில்தான் தொடங்கும். ட்யூபால் உறிஞ்சி எடுங்கள், பில்டரின் வாயை அந்த மூலைக்குத் திருப்புங்கள். இதற்காக ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். வேண்டாம். பில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கும் கேடு, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வீட்டிலேயே வளர்க்கும் வேலையும் அது.

தண்ணீரே பச்சையானால்

எங்கள் தெருப் பையன் ஒருவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணாச்சி, தண்ணி பச்சையாயிட்டுன்னு மொத்தத்தையும் மாத்துனேன். அஞ்சு நாள்ல திரும்பப் பச்சையாயிட்டு!" இது நடக்கும். பச்சைத் தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் மிதப்பது. எவ்வளவு கொட்டினாலும் மணலிலும் பில்டரிலும் 5 சதவீதமாவது தங்கும். நாளுக்கு ஒரு தடவை இரட்டித்தால் 10, 20, 40, 80. ஐந்தாம் நாள் பழைய நிலைக்கு மேலே போய்விடும். இடையில் மீனுக்குத்தான் அலைச்சல்.

இதற்கு இருட்டு போதும். பாதித் தண்ணீரை மாற்றுங்கள். விளக்கை அணைத்து, தடித்த போர்வையால் தொட்டியை நாலு பக்கமும் மூடுங்கள். மூன்று முழு நாள் திறந்து பார்க்கக் கூடாது, தீனியும் போடக் கூடாது. வளர்ந்த மீன் தாங்கும், செடியும் தாங்கும். ஏர் பம்பு மட்டும் இரவும் பகலும் ஓட வேண்டும். இதை அலட்சியம் செய்தால் மீன் சாகும். பாசி இருட்டில் ஆக்சிஜன் தருவதில்லை, எடுத்துக்கொள்கிறது. செத்த பாசி அழுகும்போது இன்னும் எடுக்கிறது. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். அதனால் கோடையில் இதைச் செய்யும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். கரண்ட் நின்றால் உடனே போர்வையை எடுத்துவிட்டு, கிண்ணத்தால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுங்கள். நாலாம் நாள் திறந்து, செத்ததை வெளியேற்ற மறுபடி பாதித் தண்ணீர் மாற்றுங்கள். அதோடு வெளிச்சத்தையும் தீனியையும் சரி செய்யாவிட்டால் மறுபடி வரும்.

மயில்துத்தம் போடாதீர்கள்

மலையோரத் தோட்டங்களில் பாக்கு, மிளகு, ரப்பருக்கு மழைக்காலத்தில் பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பதால், அதில் சேரும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்னும் தாமிர உப்பு) இந்தப் பக்கம் பல வீடுகளில் இருக்கும். ஒரு சிட்டிகை போட்டால் பாசி போகும் என்பது உண்மைதான். தாமிரம் பாசியைக் கொல்லும், நத்தையையும் இறாலையும் சேர்த்துக் கொல்லும். மீனுக்கும் எல்லை மிகக் குறுகியது. அதிலும் நம் மலைத்தண்ணீர் போல உப்பு குறைந்த மென்மையான தண்ணீரில் தாமிரத்தின் நச்சு அதிகமாக வேலை செய்யும். வேறு ஊரில் கடினமான தண்ணீரில் தாங்கிய அளவு இங்கே மீனைக் கொல்லலாம். மணலில் தங்கிவிட்ட தாமிரத்தை வெளியேற்றுவதும் கஷ்டம். தோட்டத்துச் சாமான் தோட்டத்தில் இருக்கட்டும்.

பாசி தின்னும் மீன்

கடையில் முதலில் சொல்வது "ஒரு சக்கர் போடுங்க, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும்" என்பதுதான். இரண்டு அங்குலத்தில் வாங்கும்போது அது கண்ணாடியை நக்கிக்கொண்டே இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். அது ஓரடிக்கு மேல் வளரும் மீன். வளர்ந்ததும் பாசியில் ஆர்வம் குறைந்து தீனிக்கு வந்துவிடும், கழிவும் ஏராளம். இரண்டடித் தொட்டியில் அது பாசியைக் குறைப்பதைவிடப் பாசிக்கு உரம் போடுவதுதான் அதிகம். சின்னத் தொட்டிக்கு நெரைட் நத்தை நல்லது. கண்ணாடியை நன்றாகச் சுத்தம் செய்யும், அதன் முட்டை நன்னீரில் பொரியாது என்பதால் பெருகவும் பெருகாது. மூன்றடிக்கு மேல் தொட்டி இருந்தால் சயாமீஸ் ஆல்கே ஈட்டர் கறுப்புத் தாடிப் பாசியைக்கூடத் தின்னும். அதே பேர் மாதிரி சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்று ஒன்று விற்பார்கள். அது பெரிதானதும் மற்ற மீன்களை விரட்டி உடம்பைச் சுரண்டும்.

குற்றாலம் பக்கத்து ஓடைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு பாசி மேயும் கல்லொட்டியைப் பிடித்து வந்து விடலாமே என்று தோன்றும். வேண்டாம். பாய்ந்து ஓடும், ஆக்சிஜன் நிறைந்த தண்ணீருக்குப் பழகிய மீன் அது. வீட்டுத் தொட்டியில் நாள்பட நிற்காது. காப்புக்காட்டுக்குள் மீன் பிடிப்பது சட்டத்துக்கும் விரோதம். மிஸ் கேரளா என்ற சிவப்புக் கோடு போட்ட அழகு மீனும் நூல் பாசியைக் கொத்தும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத அந்த மீன், உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலில் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூட்டமாக வாழும், அரையடி வரை வளரும். நாலடித் தொட்டி இருந்தால் மட்டும், பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

வளர்ந்துவிட்ட சக்கர் மீனை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஏற்கெனவே பல நீர்நிலைகளில் அது பெருகி, வலையைக் கிழித்து, நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். தொட்டியிலிருந்து எடுத்த பாசியையும் மிஞ்சிய செடியையும் சாக்கடையில் போடாமல் வெயிலில் காயவைத்துத் தென்னைக்கு அடியில் போடுங்கள். நைட்ரேட் ஏறிய பழைய தண்ணீரையும் அதே தென்னைக்கு ஊற்றலாம்.